பாறுகளின் வழியே சூழல் அறிவியல்: சில அடிப்படைக் கருத்துகள்

சூழல் அறிவியலைப் புதிதாகப் படிக்கத் தொடங்குபவர் முதல் சில பக்கங்களிலேயே சூழல்தொகுதி, உணவு வலை, ஊட்டச் சுழற்சி, தாங்குதிறன், சூழல்தொகுதிச் சேவை என்று பல கலைச்சொற்களை எதிர்கொள்கிறார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் வரையறை உண்டு. அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடலாம். ஆனால் ஒரு கருத்து இன்னொன்றோடு எங்கே பிணைகிறது, ஒன்று அறுந்தால் மற்றது ஏன் ஆட்டம் காண்கிறது என்பதை வரையறைகள் சொல்வதில்லை. அதை அறிய, உண்மையில் நடந்த ஒரு நிகழ்வைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்வதே சிறந்த வழி என்று நான் நம்புகிறேன். இந்தியாவில் பாறுகளுக்கு நேர்ந்த பேரழிவை அதற்காக எடுத்துக்கொள்கிறேன். மேலே சொன்ன கருத்துகளில் அநேகமாக எல்லாமே அதற்குள் இருக்கின்றன.

பாறு என்பது பிணந்தின்னிக் கழுகு. பேச்சு வழக்கில் கழுகு என்ற ஒரே சொல்லால் வேட்டையாடும் பறவையையும் இறந்ததைத் தின்னும் பறவையையும் குறிப்பிடுகிறோம். ஆனால் பாறு, எருவை ஆகிய தனிப் பெயர்கள் பழந்தமிழ்ப் பாடல்களிலேயே வருகின்றன. இந்தியாவில் ஒன்பது வகைப் பாறுகள் உள்ளன. அவற்றுள் வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செம்முகப் பாறு, மஞ்சள்முகப் பாறு ஆகிய நான்கும் தமிழ்நாட்டில் வாழ்கின்றன. திருக்கழுக்குன்றத்து மலைக்கோயிலில் நண்பகலில் அர்ச்சகர் ஊட்டிய பொங்கலை உண்ண இரண்டு பறவைகள் வந்துகொண்டிருந்ததைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அவை மஞ்சள்முகப் பாறுகளே. அந்த வருகையும் பின்னர் நின்றுபோனது.

முதலில் சூழல்தொகுதி என்ற சொல்லைப் பார்ப்போம். ஓரிடத்தில் வாழும் உயிர்களும், அங்குள்ள மண், நீர், காற்று, வெயில் போன்ற உயிரற்ற கூறுகளும், இவை தமக்குள் நடத்தும் கொடுக்கல் வாங்கலும் சேர்ந்ததே சூழல்தொகுதி. காடும் குளமும் மட்டுமே சூழல்தொகுதி என்று நினைத்துவிடக் கூடாது. மாடுகள் மேயும் ஊர்ப் பொதுநிலமும், ஊருக்கு வெளியே செத்த மாட்டைக் கொண்டுபோய்ப் போடும் இடமும்கூட அதனுள் அடங்கும். அங்கே இரண்டு அடிப்படை ஓட்டங்கள் நடக்கின்றன. ஒன்று ஆற்றல். வெயிலின் ஆற்றலைப் புல் பிடித்துவைக்கிறது, புல்லை மாடு தின்கிறது, மாட்டின் உடலைப் பாறு தின்கிறது. ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி வெப்பமாக வெளியேறிவிட, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே அடுத்த படிக்குச் சேர்கிறது. வெளியேறிய ஆற்றல் திரும்புவதில்லை என்பதால் வெயில் நாள்தோறும் புதிதாக வர வேண்டியிருக்கிறது. மற்றொன்று பொருள். மாட்டின் உடலில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் கால்சியமும் எங்கும் தொலைந்துபோவதில்லை. அவை மீண்டும் மண்ணுக்குச் சென்று மீண்டும் புல்லாக வேண்டும். ஆற்றல் ஒருவழிப் பயணம், பொருள் சுழற்சி என்ற இந்த வேறுபாட்டை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொண்டால் பாடத்தின் பாதி புரிந்துவிடும்.

பொருள் சுழல வேண்டுமானால் இறந்த உடலை யாராவது பிரித்துப்போட்டாக வேண்டும். பாக்டீரியாவும் பூஞ்சையும் புழுக்களும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் சில நூறு கிலோ எடையுள்ள ஓர் எருமையின் உடல் அவற்றால் மட்டும் கரைந்துபோக நெடுநாள் ஆகும். அதற்குள் அது நோய்க்கிருமிகளின் பண்ணையாகிவிடும். பாறுகள் கூட்டமாக இறங்கினால் அதே உடல் ஒரு மணி நேரத்திற்குள் வெறும் எலும்பாகிவிடுகிறது. முன்பு வட இந்தியாவில் இறந்த மாட்டின் தோலை ஒரு தொழிலாளி உரித்துக்கொள்வார், சதையைப் பாறுகள் தின்றுவிடும், சுத்தமான எலும்பை இன்னொருவர் பொறுக்கி உரத்திற்கு விற்பார். ஊட்டச் சுழற்சி என்று புத்தகத்தில் வட்ட வட்டமாக அம்புக்குறி போட்டுக் காட்டுவது, ஊரின் ஓரத்தில் இப்படித்தான் மனிதரின் பிழைப்போடும் கலந்து நடந்துகொண்டிருந்தது.

இந்த வேலைக்கு வேறு எந்த விலங்கும் பாறு அளவுக்குப் பொருந்தியதில்லை. இறந்த உடல் எங்கே எப்போது கிடைக்கும் என்று முன்கூட்டித் தெரியாது; அதைத் தேடிப் பெரும்பரப்பைச் சுற்ற வேண்டும், ஆனால் தேடுவதிலேயே உடலின் ஆற்றலைச் செலவழித்துவிடவும் கூடாது. பாறு தன் அகன்ற சிறகுகளை விரித்து, தரையிலிருந்து எழும் வெப்பக்காற்றில் மிதந்தபடி, சிறகை அதிகம் அடிக்காமலேயே நெடுந்தொலைவு செல்கிறது. ஒரு பறவை கீழிறங்குவதைக் கண்டு தொலைவிலுள்ள மற்றவையும் வந்து சேர்கின்றன. அதன் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது என்பதால், மற்ற விலங்குகளைக் கொல்லக்கூடிய பல கிருமிகள் அதன் வயிற்றில் அழிந்துபோகின்றன. ஓர் உயிரினம் எங்கே வாழ்கிறது, எதை உண்கிறது, எப்போது, எம்முறையில் உண்கிறது, அதனால் மற்றவற்றுக்கு என்ன ஆகிறது என்ற அனைத்தையும் சேர்த்து அந்த இனத்தின் சூழல் பங்கு என்கிறோம். எண்ணிக்கையைவிட இந்தப் பங்கையே சூழலியலாளர் முதலில் கேட்பார்கள்.

1980களில் இந்தியாவில் பாறுகள் கோடிக்கணக்கில் இருந்தன. வெண்முதுகுப் பாறு உலகிலேயே மிகுதியாகக் காணப்பட்ட, கழுகு, பருந்து போன்ற பெரிய இரைவாரிப் பறவைகளுள் ஒன்றாகக் கருதப்பட்டது. பொதுவாக நிறைந்து கிடப்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவே அது குறையத் தொடங்கியதும் உடனே தெரியவில்லை. ராஜஸ்தானின் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் மட்டும் முறையான பதிவு இருந்தது. அங்கே 1987-88இல் வெண்முதுகுப் பாறுகள் 353 இணைகள் கூடுகட்டியிருந்ததைப் பதிவுசெய்திருந்த பறவையியலாளர் விபு பிரகாஷ், 1996-97இல் மீண்டும் எண்ணியபோது பாதிக்கும் குறைவான இணைகளையே கண்டார். கழுத்து தொங்கிப்போன பறவைகள் கிளைகளில் அமர்ந்திருந்தன; கூட்டிலும் மரத்தடியிலும் செத்துக் கிடந்தன. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே ஓர் இணைகூடக் கூடுகட்டவில்லை. நீண்டகாலக் கண்காணிப்பு என்று பாடத்தில் வரும் சொல் சலிப்பூட்டுவதாகத் தோன்றலாம். 1987இல் ஒருவர் பொறுமையாகக் கூடுகளை எண்ணி எழுதிவைத்திருக்காவிட்டால், 1997இல் இழப்பு நடப்பதையே நம்மால் நிறுவியிருக்க முடியாது என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் அருமை புரியும்.

காரணம் தேடியவர்கள் முதலில் பூச்சிமருந்தையும், ஏதோ ஒரு வைரஸ் நோயையும் சந்தேகித்தார்கள். இரண்டும் நியாயமான ஊகங்களே. இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது பலவற்றின் உள்ளுறுப்புகள் மீது சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலப் படிகங்கள் படிந்திருந்தன. பறவையின் சிறுநீரகம் செயலிழந்துவிட்டால் யூரிக் அமிலம் வெளியேற முடியாமல் இப்படிப் படியும். ஆனால் சிறுநீரகத்தைக் கெடுத்தது எது? லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான ஆய்வாளர்கள் பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியில் செய்த ஆய்வின் முடிவு 2004இல் வெளியானது. மாடுகளுக்கு வலிநிவாரணியாகப் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் என்ற மருந்தின் எச்சம், சிறுநீரகம் கெட்டு இறந்த 25 பறவைகளிலும் இருந்தது; வேறு காரணங்களால் இறந்த 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. பின்னர் அந்த மருந்து கலந்த இறைச்சியைப் பாறுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோதும் அவை அதே முறையில் இறந்தன. இரண்டு நிகழ்வுகள் ஒன்றாகக் காணப்படுவது மட்டும் காரணத்தை நிறுவிவிடாது. ஒப்பிட ஒரு குழு வேண்டும், சோதித்தால் அதே விளைவு வர வேண்டும், அந்த விளைவு எப்படி ஏற்படுகிறது என்பதற்கு உடலியல் விளக்கமும் வேண்டும். இங்கே மூன்றும் கிடைத்தன. இந்தியாவில் இம்மருந்து 1990களின் முற்பகுதியில்தான் கால்நடைகளுக்குப் பரவலாகப் பயன்படத் தொடங்கியது, காலமும் பொருந்தியது.

இவ்விடத்தில் தொடக்கநிலை மாணவர் பலரும் செய்யும் ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். நஞ்சு, உணவுச் சங்கிலியின் உச்சியிலுள்ள பறவை, பேரழிவு என்று மூன்றும் சேர்ந்து வந்ததும் இது உயிரியல் பெருக்கம் என்று எழுதிவிடுகிறார்கள். உயிரியல் பெருக்கம் நடக்க வேண்டுமானால் அந்த நஞ்சு எளிதில் சிதையாததாகவும், கொழுப்பில் கரைந்து உடலிலேயே தங்குவதாகவும் இருக்க வேண்டும். டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி அப்படிப்பட்டது: நீரில் மிகச் சிறிதளவே இருந்தாலும், நுண்ணுயிரில் சேர்ந்து, சிறுமீனில் கூடி, பெருமீனில் இன்னும் கூடி, மீனுண்ணும் பறவையில் முட்டையோட்டை மெலியச் செய்யும் அளவை எட்டிவிடுகிறது. டைக்ளோஃபெனாக் மாட்டின் உடலிலிருந்து சில நாட்களில் வெளியேறிவிடும். ஊசி போட்ட மாடு பிழைத்துக்கொண்டால் பாறுக்கு ஆபத்தில்லை; ஊசி போட்ட சில நாட்களுக்குள் இறந்துபோனால் மட்டுமே அதன் உடல் நஞ்சாகிறது. நோயுற்ற மாட்டுக்குத்தான் ஊசி போடுகிறார்கள், நோயுற்ற மாடுதான் இறக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். மாசு ஒன்றின் ஆபத்தை அதன் நச்சுத்தன்மையைக் கொண்டு மட்டும் அளவிட முடியாது. அது எவ்வளவு நாள் நிலைக்கிறது, எந்த வழியாக யாரைச் சென்று சேர்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மனிதருக்கும் மாட்டுக்கும் உதவும் அதே மருந்து பாறுக்கு உயிர்க்கொல்லியாக இருந்தது என்பதிலிருந்து, நஞ்சு என்பது ஒரு பொருளின் தனிப்பண்பு அன்று, பொருளுக்கும் உடலுக்கும் இடையிலான உறவு என்பதும் விளங்கும்.

அப்படியானால் நாட்டிலுள்ள மாட்டுப் பிணங்களில் பெரும்பாலானவை நஞ்சாகியிருக்க வேண்டுமே என்று தோன்றும். அப்படி இல்லை. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பிணங்களில் கொல்லும் அளவு மருந்து இருந்தாலே இந்த வீழ்ச்சி நிகழப் போதும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். காரணம் இரண்டு. ஒரே பிணத்தில் பல பறவைகள் சேர்ந்து உண்கின்றன என்பது ஒன்று. மற்றொன்று, பாறுகளின் வாழ்க்கை முறை. வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடுகிறது. குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. எலியையும் கொசுவையும்போல ஏராளமாகப் பெற்று ஏராளமாக இழக்கும் உயிர்கள் ஒருவகை. யானைகளையும் பாறுகளையும்போலக் குறைவாகப் பெற்று, நெடுநாள் வாழ்வதையே நம்பியிருக்கும் உயிர்கள் மற்றொரு வகை. இரண்டாம் வகையில், வளர்ந்த பறவைகள் இறக்கும் விகிதம் சிறிது கூடினாலும் பிறப்பு அதை ஈடுகட்டாது.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வீழ்ச்சி கடுமையாக இருந்த ஆண்டுகளில் வெண்முதுகுப் பாறுகள் ஆண்டுக்கு 40 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துகொண்டிருந்தன. ஆண்டுக்கு 44 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு 1,000 பறவைகளில் தொடங்குவோம். ஓராண்டில் 560, அடுத்த ஆண்டில் 314, பிறகு 176, நான்காம் ஆண்டின் முடிவில் 98. எட்டாம் ஆண்டில் பத்து. பன்னிரண்டாம் ஆண்டில் ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் ஒரே எண்ணிக்கை குறைவதில்லை, ஒரே விகிதம் குறைகிறது. அதனால் முதல் ஆண்டிலேயே பெருந்தொகை போய்விடுகிறது, ஆனால் மிச்சமிருப்பதும் நிறையவே இருப்பதால் கண்ணுக்கு உறைப்பதில்லை. 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 விழுக்காடு அழிந்துபோயின. ஆயிரத்தில் ஒன்று மிஞ்சியது. நெடுங்காலப் பரிணாமத்தில் உருவான ஒரு பறவைக் கூட்டம் பதினைந்தே ஆண்டுகளில் இப்படி ஆனதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு மனம் பதறுகிறது.

பாறுகள் போன பின்பும் மாடுகள் இறந்துகொண்டுதான் இருந்தன. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடுகள் மட்டும் 19 கோடிக்கு மேல் உள்ளன. எருமை, ஆடு எல்லாவற்றையும் சேர்த்தால் கால்நடைகள் 53 கோடியைத் தாண்டும். அந்தப் பிணங்களைக் காகமும் பருந்தும் நரியும் நாயும் தின்னத்தானே செய்யும், ஓர் இனம் போனால் இன்னொன்று வந்து நிரப்பிவிடாதா என்று கேட்கலாம். கேள்வி சரியானது, இதைப் பணி மாற்றீடு என்பார்கள். ஒரே பணியைப் பல இனங்கள் செய்யும் தொகுதி, ஒன்றை இழந்தாலும் தாங்கிக்கொள்ளும். ஆனால் இங்கே மாற்றாக வந்தது நாய். ஓரிடத்தில் ஓர் இனம் எவ்வளவு பெருக முடியும் என்பதற்கு உணவும் இடமும் வைக்கும் உச்சவரம்பைத் தாங்குதிறன் என்கிறோம். பாறுகள் தின்றுவந்த இறைச்சி முழுவதும் கேட்பாரற்றுக் கிடந்ததால் தெருநாய்களுக்கான அந்த வரம்பு உயர்ந்தது, நாய்களும் பெருகின. நாய், பாறுகளைப்போல ஒரு மணி நேரத்தில் உடலை முடித்துவிட்டுப் பறந்து செல்வதில்லை. அங்கேயே தங்குகிறது, கடிக்கிறது, வெறிநோயைக் கடத்துகிறது. பணியின் ஒரு பகுதியை அது ஏற்றுக்கொண்டு, முன்பு இல்லாத ஒரு தீங்கையும் கூடவே கொண்டுவந்தது. இப்படித் தன் எண்ணிக்கையின் அளவை மீறித் தொகுதியைத் தாங்கிநிற்கும் இனத்தை ஆதார இனம் என்பார்கள். 1969இல் ராபர்ட் பெய்ன் என்ற சூழலியலாளர் உருவாக்கிய சொல் அது. கோடிக்கணக்கில் இருந்த பாறுகளை அந்த வரையறைக்குள் அடக்கலாமா என்று விவாதிக்கலாம் என்றாலும், கருத்தின் சாரம் இங்கே பொருந்தவே செய்கிறது.

இயற்கை நமக்குக் காசு வாங்காமல் செய்து தரும் வேலைகளைச் சூழல்தொகுதிச் சேவைகள் என்கிறோம். தேனீ செய்யும் மகரந்தச் சேர்க்கை, சதுப்புநிலம் வெள்ளத்தை உறிஞ்சிக்கொள்வது, பாறு பிணத்தை அகற்றுவது ஆகியவை இதில் அடங்கும். சந்தையில் விலை இல்லாததால் இவை இழக்கப்படும் வரை யார் கணக்கிலும் வருவதில்லை. பாறுகளின் இழப்பால் 1992 முதல் 2006 வரை இந்தியாவில் வெறிநோயால் கூடுதலாக ஏறத்தாழ 48,000 பேர் இறந்திருக்கக்கூடும் என்று 2008இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறியது. பொருளியலாளர்கள் எயால் பிராங்க், அனந்த் சுதர்சன் இருவரும் 2024இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் விரிவானது. முன்பு பாறுகளுக்கு ஏற்ற வாழிடமாக இருந்த மாவட்டங்களையும் அல்லாத மாவட்டங்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். முதல் வகை மாவட்டங்களில் இறப்பு விகிதம் 4 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்திருந்தது. 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 5 லட்சம் கூடுதல் இறப்புகள் என்பது அவர்களின் மதிப்பீடு. வெறிநோய் மட்டுமே இதற்குக் காரணமில்லை; அழுகும் உடல்கள் நீர்நிலைகளில் கலப்பதும் சேரும். மும்பையில் இறந்தோரின் உடலைப் பாறுகளுக்கு அளிக்கும் பார்சி மக்களின் பன்னெடுங்காலச் சடங்கு தடைப்பட்டதை எந்தத் தொகையால் மதிப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பண்பாடு சார்ந்த சேவை என்று பாடநூல் அதற்கும் ஒரு தலைப்பு வைத்திருக்கிறது.

மருந்தை விற்றவரும் வாங்கியவரும் ஊசி போட்டவரும் யாரும் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. மாட்டின் வலி தீர்ந்தது, மருந்தின் விலையும் குறைவு. ஆனால் அந்த விலைக்குள் நாய்க்கடிக்கான சிகிச்சைச் செலவோ குழந்தையை இழந்த குடும்பத்தின் துயரமோ சேர்க்கப்பட்டிருக்கவில்லை. ஒரு கொடுக்கல் வாங்கலின் பாதிப்பு அதில் பங்கேற்காத வேறொருவர் தலையில் விழுவதைப் புறவிளைவு என்கிறது பொருளியல். சூழல் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வகையே என்பதால், தனிமனிதரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருக்க முடிவதில்லை, விதிமுறை தேவைப்படுகிறது.

இந்தியா 2006இல் டைக்ளோஃபெனாக்கைக் கால்நடை மருத்துவத்திலிருந்து தடைசெய்தது. மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து பாறுகளுக்குத் தீங்கு செய்வதில்லை என்பது அதே காலத்தில் சோதித்து நிறுவப்பட்டிருந்தது தடையை நடைமுறைக்கு உகந்ததாக்கியது. ஆனாலும் மனிதர்களுக்கான பெரிய ஊசிக்குப்பிகள் மாடுகளுக்குத் திருப்பிவிடப்பட்டன. 2015இல் மனிதர்களுக்கான குப்பியின் அளவை 3 மில்லிக்குக் குறைத்த பின்பே அந்த வழி ஓரளவு அடைபட்டது. அசிக்ளோஃபெனாக் என்ற இன்னொரு மருந்து மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. அதையும் கீட்டோபுரோஃபென் மருந்தையும் கால்நடைகளுக்குத் தடைசெய்ய 2023 ஆகிவிட்டது. தீங்கு முழுமையாக நிறுவப்படவில்லை என்பதைக் காரணம் காட்டி, மீள முடியாத சேதத்தைத் தடுக்கும் நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 1992ஆம் ஆண்டு ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டின் ரியோ அறிக்கை சொல்கிறது. முன்னெச்சரிக்கைக் கொள்கை என்பது அதுதான். ஒவ்வொரு மருந்தாகப் பறவை செத்த பிறகு தடைசெய்வதற்கும், சந்தைக்கு வரும் முன்பே பாறுகளுக்குப் பாதுகாப்பானதா என்று சோதிப்பதற்கும் உள்ள வேறுபாட்டில் இந்தக் கொள்கையை உணரலாம்.

இன்று தென்னிந்தியாவில் பாறுகள் மிஞ்சியிருக்கும் முக்கியமான இடம் நீலகிரிக்கும் சத்தியமங்கலம் காடுகளுக்கும் இடையிலுள்ள மாயாறு பள்ளத்தாக்கு. ஆற்றோரத்து நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகளும், பாறை முகடுகளில் கருங்கழுத்துப் பாறுகளும் கூடு வைக்கின்றன. புலி கொன்றுபோட்ட கடமானும் தானாக இறந்த காட்டு விலங்கும் அங்கே இரையாகக் கிடைப்பது அவற்றைக் காத்திருக்கிறது. ஊர்ப்புறத்தில் ஊசி போடப்பட்ட ஒரு மாட்டின் உடலைத் தேடி அவை காட்டைவிட்டு வெளியே வரும்போது ஆபத்தும் கூடவே வருகிறது, ஏனெனில் பாறின் இரைதேடும் பரப்பு காட்டின் எல்லைக் கல்லோடு முடிவதில்லை. காரணத்தை நீக்கிய பின்பும் விளைவு உடனே திரும்பிவிடாது என்பதைச் சூழல் அறிவியல் காலத்தாழ்வு என்று குறிப்பிடுகிறது. இந்தப் பருவத்தில் மாயாற்றங்கரையில் நீர்மருது மரத்தின் கூடு ஒன்றில் பொரித்த ஒற்றைக் குஞ்சு, எந்தப் பிணத்திலும் நஞ்சைத் தின்னாமல் தப்பித்தால், தன் முதல் முட்டையை இட இன்னும் ஐந்து ஆண்டுகள் ஆகும்.